வெள்ளிக்கிழமைப் பூச்சாடி

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு தமிழர் கண்ணிலும் படாமல் மீன் சாப்பிடக்கூடிய ஒரே இடத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று ஒன்பது வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறந்து சொல்ல முடியாத பெருமை. சொன்னால் அந்த இடம் போய்விடும். எங்கள் ஆட்களுக்கு ஒரு கடை நல்லது என்று காதில் விழுந்தால் போதும், அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு வாகனம் பிடித்து வந்து இறங்குவார்கள்.

அது ஒரு டாப்பாஸ் கடை, ஸ்பெயின் நாட்டுச் சாப்பாடு. டிராம் பாதை வளைகிற மூலையில், ஒரு சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய எழுத்துகளில் பாதி உரிந்துவிட்டன. யாரும் திருப்பி ஒட்டவில்லை, வருகிறவர்களுக்கு வழி தெரியும். முன்பு அங்கே ஜெர்மன்காரர் ஒருவரின் பியர்க்கடை இருந்ததாம். அவருடைய பந்துருட்டும் சங்கம் வென்ற கிண்ணங்கள் இன்னும் கண்ணாடி அலுமாரிக்குள் தூசி பிடித்து நிற்கின்றன. கரும்பலகையில் எழுதிய சாப்பாட்டுப் பட்டியலை நான் போன முதல் நாளிலிருந்து ஒருவரும் அழித்ததில்லை. அதில் முயல் இறைச்சி என்று ஒன்று உண்டு. கேட்டால் "இண்டைக்கு இல்லை" என்பாள் கடைக்காரி. ஒன்பது வருடமாக அந்த முயல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரி ஸ்பெயின்காரி. அறுபது வயது இருக்கும். அவளுடைய தகப்பன் இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர். அவளுடைய ஜெர்மன் கரகரவென்று, ஒளிவு மறைவில்லாமல் வரும். அது என் காதில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன். அவள் தருவதெல்லாம் சின்னத் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம்: வினாகிரியில் ஊறிய நெத்தலி, பொரித்த கணவாய், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தட்டிய தடித்த ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, மண்சட்டியில் எண்ணெயும் உள்ளிப்பூண்டுமாகக் கொதித்துக்கொண்டே வந்து இறங்கும் இறால். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் ஊறுகிறது, வெட்கம் இல்லை.

சரி, மீன் சாப்பிட ஏன் ஒளிக்க வேண்டும்? அதற்கு என் கணவரைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அகதிகள் விடுதியில் இருந்த காலத்தில் எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்து ஒரு கடிதம் வந்தது. இவர் அதைக் கையில் பிடித்தபடி ஜன்னலடியில் பயந்துபோய் நின்று, "முருகா, விசா கிடைச்சால் சாகுமட்டும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டன்" என்று நேர்த்தி வைத்தார். மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம். பக்கத்தில் நின்று கேட்டேன். எட்டு மாதத்தில் விசா வந்தது. தந்தது முருகனா வழக்கறிஞரா என்று நான் ஆராயவில்லை. ஆனால் நேர்த்தி வைத்ததும் இவர் முகத்தில் வந்த நம்பிக்கையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நேர்த்தி அவருடையது என்றாலும் அடுப்பு என்னுடையது, ஒரு வீட்டில் இரண்டு சட்டி வைக்க முடியாது. ஆகவே நானும் வெள்ளிக்கிழமை சைவம் ஆனேன்.

பதினைந்து வருடம் ஒழுங்காக இருந்தேன். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தேன். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். அன்று சந்தைக்குப் போய்விட்டு, மூன்றரை மணி டிராமைத் தவறவிட்டு அந்த மூலையில் நின்றேன். கதவு திறந்து யாரோ வெளியே வர, பின்னாலேயே உள்ளி மணம் வந்தது. மனத்தில் ஏதோ துயரம், அதனால் போனேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். பொய். பசி. போனேன், இறால் சாப்பிட்டேன், சட்டியில் மிஞ்சிய எண்ணெயைப் பாணால் துடைத்தேன். ஸ்பெயின்காரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு துண்டுப் பாண் வைத்தாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கடை திறக்கும்போதே நான் வாசலில். நான்கு மணிக்கு வெளியே. இரண்டாவது தரமே அவளிடம் சொல்லிவிட்டேன்: "எங்கட ஆக்கள் ஆரும் வந்தால் என்னைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ. வீட்டில அந்த மனுசனுக்குத் தெரிஞ்சால் மனம் உடைஞ்சு போகும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த மேசையில நடக்கிறது இந்த மேசையோட" என்றாள்.

இவருக்கு ஒரு பண்டகசாலையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போவார். பூசை பார்த்துவிட்டு ஆறரைக்கு வருவார், நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும். அந்த நெற்றியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் இறால் துள்ளும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, சமைத்தது. வெள்ளி இரவுச் சாப்பாடு வர வரப் பெருத்தது. முதலில் பருப்பும் ஒரு கறியும். பிறகு கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை, அப்பளம். கணவாயும் சாப்பிட்டுவிட்டு வந்த நாளில் பாயாசமும் வைப்பேன். வயிறு நிறைந்து வந்தவள் அவருக்குத் துணையாக இருந்து இன்னொருமுறை வயிறு நிறையச் சாப்பிடுவேன். அவரும் மறுக்காமல் சாப்பிடுவார், மெதுவாக, பெருமூச்சு விட்டுவிட்டு. பக்தி என்று நினைத்தேன். எங்கள் குடும்ப வைத்தியர் ஒருமுறை இருவருடைய நிறையையும் பார்த்துவிட்டு, கிழமையில் ஒரு நாள் விரதம் இருக்கிறவர்களுக்கு இப்படி எப்படி ஏறுகிறது என்று கேட்டார். "பரம்பரை" என்றார் இவர்.

பெரிய தலையிடி சாமி விளக்குத்தான். மச்சம் சாப்பிட்ட கையால் விளக்குக் கொளுத்தக் கூடாது. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. இவர் வரும்வரை காத்திருந்து, "இஞ்சருங்கோ, எனக்கு முழங்கால் நோகுது, நீங்களே விளக்கைக் கொளுத்துங்கோ" என்பேன். இவரோ, "வீட்டு விளக்கு வீட்டுக்காரிதான் கொளுத்தவேணும், அதுதான் லட்சுமி" என்பார். அவ்வளவு மரியாதை என் மேல். ஒரு வெள்ளி முழங்கால், மறு வெள்ளி முதுகு. அவருக்கு ஒரு வெள்ளி தடிமனும் தும்மலும், மறு வெள்ளி இன்னும் குளிக்கவில்லை. கடைசியில் இவரே ஒரு தீர்வு கொண்டுவந்தார். மின்சார விளக்கு ஒன்றை வாங்கி, மீன் தொட்டிக்குப் பூட்டுகிற டைமரில் பொருத்திவிட்டார். ஏழு மணிக்குத் தானாக எரியும். "இது ஜெர்மனி. முருகனுக்கும் நேரம் தவறக்கூடாது" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

இன்னொன்று கராம்பு. கடையை விட்டு வெளியே வந்ததும் நான்கு கராம்பு மெல்லுவேன், வாய் மணம் போக. எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். ஆனால் வீட்டுக் கராம்புப் போத்தல் மாதத்துக்கு ஒன்று முடிந்துகொண்டிருந்தது. நானா இவ்வளவு மெல்லுகிறேன் என்று எனக்கே பயமாக இருந்தது. இவரும் பல்வலிக்கு இரண்டொன்று எடுப்பார், அது தெரியும்.

மூன்றாம் வருடம் ஒருநாள் இல்லத்தில் ஒரு கிழவர் கட்டிலால் விழுந்து, அதனால் நான் வரப் பிந்திவிட்டது. கடை வாசலுக்கு வர நாலரை. உள்ளே காலை வைக்கப் போனேன், ஸ்பெயின்காரி வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சாத்தினாள்.

"போகாதையும். உள்ளுக்கு உங்கட ஆள் ஒண்டு."

சுவரோடு ஒதுங்கினேன். "ஆர்? ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"அது சொல்லேலாது."

"நான் இஞ்ச வாறது அந்த ஆளுக்குத் தெரியுமோ?"

"ஆரோ ஒராள் வாறதெண்டு தெரியும். ஆரெண்டு தெரியாது. உம்மைப் போலதான் அந்த ஆளும் ஒளிச்சு வந்து சாப்பிடுது."

அன்று அவள்தான் வழி சொன்னாள். உள்ளே ஜன்னல் தட்டில் ஒரு ரோஸ்மேரிச் செடி, மண் பூச்சாடியில். அது உள்ளே இருந்தால் வரலாம். வெளியே படியில் இருந்தால் நம்மவர் ஒருவர் உள்ளே என்று அர்த்தம், ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகு நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போவாள். நாலு மணிக்கு நான் எழும்ப, அதுவும் உள்ளே வரும். வழக்கமாக வருகிற ஜெர்மன்காரர்கள், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர், தபால்காரி ஒருத்தி, செடிக்கு வெயில் காட்டுகிறாள் என்று நினைத்தார்கள். மழை நாளிலும் காட்டினாள்.

யார் அந்த மற்ற ஆள்? எனக்கு நித்திரை வரவில்லை. கோயிலில் தேவாரம் பாடுகிற அக்கா மேல்தான் என் சந்தேகம் போனது. "மச்சம் மணந்தாலே எனக்குத் தலையிடி" என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர். அவ்வளவு சத்தமாகச் சொல்லுகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரருகில் இருந்து தேங்காய் துருவும்போது சும்மா எறிந்து பார்த்தேன்.

"அக்கா, நெத்தலியை வினாகிரியில ஊறப்போட்டால் நல்லா இருக்குமாம்."

அக்கா துருவலை நிறுத்தவில்லை. "எவ்வளவு நேரம் ஊறவேணும்?" என்றார்.

அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா கண்ணை மூடித் தேவாரம் பாடும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம். அன்று இரவு இவரிடமும் சொன்னேன், "தேவாரம் பாடுற அக்கா வெள்ளிக்கிழமையில எங்கயோ ஒளிச்சு மீன் சாப்பிடுறா போல." இவருக்குப் புரைக்கேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "தீர விசாரிக்காமல் ஒருத்தரையும் பழி சொல்லக்கூடாது" என்று கண்டித்தார். என் புறம்சொல்லும் குணத்தை நினைத்து நான்தான் வெட்கப்பட்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் கடைசி இறாலைக் கடிக்கும்போது ஒரு பயம் வரும். இவர் என்மேல் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. நான் வைத்த கறிகளுக்கு முன்னால் கைகூப்பிவிட்டுத்தான் சாப்பிடுவார். அந்த மனிதர் ஒருநாள் இதைக் கண்டுபிடித்தால் என்ன சொல்வேன்? மீனுக்கு ஆசைப்பட்டு உங்கள் முருகனை ஏமாற்றினேன் என்றா?

சென்ற கார்த்திகை மாதம் எனக்கு ஞாயிறு எல்லாம் வேலை, கோயிலுக்குப் போகவில்லை. ஒரு வெள்ளி மத்தியானம் இல்லத்தில் சாப்பாட்டு இடைவேளையில் தேவாரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஞாயிறு வேலை இல்லையெண்டு வந்து ஏமாறாதையும். கோயில் பூட்டு. தண்ணிக் குழாய் வெடிச்சு மூண்டு கிழமையாச்சு."

"மூண்டு கிழமையோ? வெள்ளிக்கிழமைப் பூசை?"

"ஒண்டும் இல்லை. ஐயரே ஊரில இல்லை."

போனை வைத்துவிட்டு நின்றேன். மூன்று வெள்ளியும் இவர் ஆறரைக்குத் திருநீற்றோடு வந்தார். "பூசை வடிவா நடந்தது" என்று போன கிழமை சொன்னதும் காதில் நிற்கிறது. அதற்கு முதல் கிழமை இவருடைய கோட்டைத் தூசி தட்டும்போது பையில் காகிதத்தில் மடித்த திருநீறு கிடந்தது. என்ன பக்தி என்று அதை எடுத்து என் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பி வைத்தவள் நான்.

அப்போது மூளை எங்கே போகும்? போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. எந்தப் பொம்பிளை? பண்டகசாலையில் பொதி கட்டுகிற போலந்துக்காரியா? இந்த வயதிலா? இந்த வயிற்றோடா? ஒன்பது வருடம் வாய் நிறையப் பொய் சொன்னவளுக்கு ஒரு பொய்யைத் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, இரண்டு பேருக்குத் தவறான நேரத்தில் தேநீர் கொடுத்தேன். வேலை முடிந்தும் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். வீட்டுக்குப் போகப் பயம். கேட்டால் பதில் வரும்.

கால்கள் பழக்கத்தில் டாப்பாஸ் கடைக்குத்தான் போயின. போய்ச் சேர நாலேகால் ஆகிவிட்டது. பூச்சாடி படியில் இருந்தது.

ஒரு சுற்று நடக்கலாம். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது தேவாரம் அக்காதான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. இருக்கட்டும். இன்றைக்கு என்னைக் காணட்டும், நானும் அவரைக் காண்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பொம்பிளை வேண்டும், இன்னொரு கள்ளியாய் இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய தோளில் சாய்ந்து, என் மனிதர் என்னை ஏமாற்றிப்போட்டார் அக்கா என்று சொல்ல வேண்டும். பூச்சாடியைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன்.

கிண்ணங்கள் நிற்கும் அலுமாரியடியில் கடைசி ஆசனத்தில் ஒரு முதுகு. நீல வேலைக் கோட்டு. அதற்கு மேலே, சனிக்கிழமைகளில் நான் எண்ணெய் வைத்துத் தேய்க்கிற வழுக்கை.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். அவருக்கு முன்னால் பொம்பிளை யாரும் இல்லை, இறால்தான் இருந்தது என்று கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஸ்பெயின்காரி என்னைக் கண்டு கையிலிருந்த கிளாசை மெதுவாக வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்து இவர் திரும்பினார். வாயில் ஒரு இறால், வால் வெளியே. மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

"கோயில் பூட்டாம்" என்றேன்.

விழுங்கினார். "ஓம். குழாய்."

"எவ்வளவு காலமா?"

"மூண்டு கிழமை."

"குழாயைக் கேக்கேல்லை."

இவர் சட்டியைப் பார்த்தார். "பத்து வருசமிருக்கும்."

பத்து! அப்படியென்றால் எனக்கு ஒரு வருடம் முந்தியே. கண்டுபிடித்தவள் என்ற பெருமையும் போயிற்று. நான் ஸ்பெயின்காரியைப் பார்த்தேன். அவள் கைகளை விரித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே கராம்பைச் சப்பிக்கொண்டு போறீங்கள். எனக்கு விளங்காதோ? ஆனால் ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னீங்கள், வீட்டில தெரிஞ்சால் மனம் உடைஞ்சு போகுமெண்டு. பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றுவிட்டு, தனக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் வெளியே போய்ப் பூச்சாடியைத் தூக்கி வந்து ஜன்னலில் வைத்தாள்.

இவர் இப்போதுதான் முழுதாகத் திரும்பினார். நான் யார், எங்கே வந்தேன், எப்படிக் கராம்பு சப்பினேன் என்பதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கி வருவது முகத்தில் தெரிந்தது.

"மற்ற ஆள் நீரோ?" என்றார்.

"நான்தான்."

"நான் தேவாரம் பாடுற அக்கா எண்டு நினைச்சன்."

பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தேன். "நேர்த்தி வச்சது நீங்கள்" என்றேன்.

"ஓம், நான்தான். முதல் வருசம் சரியான பயம், முருகன் விசாவைத் திருப்பி வாங்கிப்போடுவாரோ எண்டு."

"பிறகு?"

"பிறகு பிரஜாவுரிமை கிடைச்சிட்டுதுதானே."

சிரிப்பு வந்தது. அடக்கினேன். ஆனால் இவர் சிரிக்கவில்லை. முள்ளுக்கரண்டியால் எண்ணெயில் கோடு இழுத்துக்கொண்டே சொன்னார், "மச்சம் திண்டிட்டுக் கோயிலுக்குள்ள போறேல்லை. ரோட்டில நிண்டு கும்பிட்டிட்டு வாறனான். திருநீற்றை மட்டும் முதலே எடுத்து வச்சிடுவன். உமக்குச் சொல்லத்தான் ஏலாமல் போச்சு. எனக்காகத்தானே இவ்வளவு வருசம் வாயைக் கட்டினீர். அவ்வளவு கறி வச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருப்பீர். நான் எந்த முகத்தோட சொல்லுறது?"

நான் கறி வைத்தது அவரை ஏமாற்றியதற்காக. அவர் அத்தனையையும் விழுங்கியது என்னை ஏமாற்றியதற்காக. இடையில் ஒரு விளக்கு, மீன் தொட்டி டைமரில், இரண்டு கள்ளருக்காகவும் தானே எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் மழையில் தெருவில் நின்று பூட்டிய கோயிலைக் கும்பிட்டதை நினைத்துத்தான்.

ஸ்பெயின்காரி ஒன்றும் கேட்காமல் இன்னொரு முள்ளுக்கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. இவர் அந்தக் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் பயம் இருந்தது, விடுதி ஜன்னலடியில் கடிதத்தோடு நின்றபோது கண்ட அதே பயம்.

"இஞ்சேர்" என்றார் மெதுவாக. "இண்டைக்கு என்ன கிழமை?"

நான் கரண்டியை எடுத்தேன்.

"வியாழன்."

அவர் சட்டியை இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தார்.

"அப்ப சாப்பிடும்" என்றார். "ஆறப்போகுது."